காட்பாடியில் இறங்கிய பேப்பர் கட்டும் வேலூர் நூலகத்து நீள மேசையும்

வேலூரில் வாழ்ந்த தம் தாத்தா வீட்டுக்கு ஒரு நாளிதழ்கூட வாங்காமல், நாள்தோறும் காலையில் பொது நூலகத்துக்கு நடந்து சென்று எல்லாப் பத்திரிகைகளையும் படித்துவிட்டுத் திரும்புவாராம் என்று ஒரு இளைஞர் எழுதியிருக்கிறார். உறவினர் சிலர் அவரை 'ஓசிப் பேப்பர் படிப்பவர்' என்று சொன்னதாகவும் குறிப்பிட்டு, அந்த 1960, 70, 80களில் வேலூருக்கு எந்தெந்த நாளிதழ்கள் எப்படி வந்தன, நூலகத்தில் படிப்பது எப்படி நடந்தது, அவர் படித்த பழைய இதழ்களை இன்று எங்கே தேடலாம் என்று கேட்டிருக்கிறார். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வேலூருக்கு வந்து படித்து, அதே நூலகத்தின் வாசிப்பறையில் இளமையைக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பத்திரிகை வந்த வழி. வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த இடமே நம் வாலாஜா ரோடுதான். ஆகவே சென்னையில் தமிழ் நாளிதழ் பிறப்பதற்கு முன்பே அது வந்து சேரும் இருப்புப்பாதை நம் மாவட்டத்தில் தயாராக இருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1889இல் நாளிதழானது. 1934இல் பாரதியின் நினைவு நாளில், டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' வந்தது. சென்னையில் அச்சான தாள்கள் கட்டுக்கட்டாக ரயிலேறி, சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காட்பாடிச் சந்திப்பில் இறங்கும். அங்கிருந்து ஒரு பங்கு பாலாற்றைக் கடந்து வேலூருக்கு வரும். மற்றொரு பங்கு, அப்போது மீட்டர் கேஜாக இருந்த விழுப்புரம் பாதையில் கணியம்பாடி, ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை என்று தெற்கே போகும். ரயில் தாமதமானால் மாவட்டம் முழுவதுமே செய்திக்குக் காத்திருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. அன்றைய வாசகர்கள் எல்லோருக்கும் அது தெரியும். இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் வெளியூர்களுக்கான தபால் பதிப்பை முன்னிரவிலேயே அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். நள்ளிரவில் முடிவான தேர்தல் எண்ணிக்கையோ தாமதமாக வந்த மரணச் செய்தியோ சென்னைப் பதிப்பில் இருக்கும், நமக்கு வந்த தாளில் இருக்காது. தேர்தல் காலங்களில் வானொலிச் செய்தியைக் கேட்டுவிட்டு நூலகத்துக்கு வந்தவர்கள், கையில் இருக்கும் தாள் தாங்கள் கேட்ட செய்திக்கு ஒரு இரவு பின்தங்கியிருப்பதைப் பார்ப்பார்கள். வேலூரிலேயே அச்சடிக்க ஆரம்பித்த பிறகுதான் இந்த இடைவெளி மறைந்தது.

உங்கள் தாத்தா படித்திருக்கக்கூடிய தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி', எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் தலைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தோடு நடத்தப்பட்டது. சிறு வாக்கியம், பெரிய எழுத்து, நிறைய படம் என்ற அதன் அமைப்பை அக்காலத்துப் பண்டிதர்கள் சிலர் இகழ்ந்தார்கள். நான் அந்த இகழ்ச்சியை ஏற்றதில்லை. லாங்கு பஜாரில் மூட்டை தூக்கியவரும் மண்டித் தெருவில் கணக்கு எழுதியவரும் ஒரே தாளைப் படிக்கும் நிலையை உண்டாக்கியது அந்த எளிமைதான். 1960இல் அதில் தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையை முதலில் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கே போவோர் வயது வேறுபாடு இல்லாமல் இருந்தார்கள். 'தினமணி' வேறு வகை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் ஆசிரியராக இருந்த ஏ. என். சிவராமன், பொருளாதாரம், அணுவியல், வரவு செலவுத் திட்டம் போன்றவற்றைத் தமிழில் நீண்ட கட்டுரைகளாக விளக்கி எழுதினார். ஆங்கிலம் அறியாத ஒரு பள்ளி ஆசிரியரோ தாலுகா அலுவலக எழுத்தரோ உலக விவகாரத்தில் தெளிவாகப் பேசினால், அவர் சிவராமன் வாசகர் என்று நாங்கள் ஊகித்துவிடுவோம். 1951இல் திருவனந்தபுரத்தில் டி. வி. ராமசுப்பையர் தொடங்கிய 'தினமலர்' நம் பக்கத்துக்குப் பின்னால்தான் வந்தது. ஊர்க் குறைகளுக்கு அது நிறைய இடம் கொடுத்தது. 1977இல் 'தினகர'னும் வந்தது. 'சுதேசமித்திரன்' பின்னர் நின்றுபோனது. அதன் வாசகர்களாயிருந்த முதியவர்கள் வேறு தாளுக்கு எளிதில் பழகவில்லை என்பதை நான் கண்டிருக்கிறேன்.

மாலைப் பத்திரிகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'மாலை முரசு', 'மாலை மலர்' ஆகியவை சாதாரண நாள்களில் டீக்கடைப் பேப்பர்களாகத்தான் இருந்தன. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஊரே அவற்றுக்காகப் பேருந்து நிலையத்தில் நிற்கும். பக்கம் பக்கமாகப் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும்; பெயர் இருக்காது. தன் எண்ணைத் தேடும் பையனுக்குக் கை நடுங்குவதால், பக்கத்தில் நிற்கும் முன்பின் அறியாத பெரியவர் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நம்பர் சொல்லுப்பா" என்று கேட்டு விரலால் தேடிக் கொடுப்பார். எண் இல்லாவிட்டால் அவரே தாளை மடித்து, "செப்டம்பர்ல எழுதிக்கலாம், வீட்டுக்குப் போ" என்பார். செய்தித்தாள் ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாக இருந்த காலத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான காட்சி எனக்குத் தெரியவில்லை.

வேலூர்ப் பதிப்புகள் வந்ததும் மாவட்டம் தன்னைத் தானே பார்க்கத் தொடங்கியது. அதற்குமுன் நம் ஊர், செய்தியில் இடம்பெற வேண்டுமானால் பெரிய நிகழ்வு ஏதாவது நடக்க வேண்டும். 1954இல் முதலமைச்சரான காமராஜர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோதும், 1973 டிசம்பர் 24 அன்று பெரியார் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலமானபோதும் நாடெங்கும் நம் ஊர்ப் பெயர் முதல் பக்கத்தில் வந்தது. உள்ளூர்ப் பதிப்பு வந்தபின், அணைக்கட்டுச் சந்தையில் விற்ற காய் விலையும், பேரணாம்பட்டுப் பக்கம் யானை இறங்கியதும், குடியாத்தம் கைத்தறி நெசவாளர் கோரிக்கையும், சத்துவாச்சாரிக் குடிநீர்த் தட்டுப்பாடும் அச்சில் ஏறின. இவை சிறு செய்திகள்தாம். ஆனால் சிறு செய்திகள் சேர்ந்துதான் பெரிய வழக்காகின்றன. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுப்பதைப் பற்றி, 'கிணற்று நீர் நிறம் மாறியது' என்பது போன்ற சிறு பத்திகளை உள்பக்கங்களில் ஆண்டுக்கணக்கில் படித்து வந்தோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய அந்தத் தீர்ப்பு, அந்தச் சிறு பத்திகளைப் படித்து வந்த எங்களுக்குத் திடீர்ச் செய்தியாக இல்லை. ஒரு மாவட்டத்துக்கு உள்ளூர்ப் பக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இனி நூலகம். உங்கள் தாத்தாவை 'ஓசிப் பேப்பர்' என்று சொன்னவர்களுக்கு ஒரு சட்டம் தெரியாது. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டு, 1950இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப்பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அதைச் சட்டமாக்கினார். மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு அமைத்து, சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தில் நூலகங்களை நடத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தொடக்கத்தில் வரி ரூபாய்க்குச் சுமார் 3 காசு என்ற அளவில் இருந்து, பின்னர் 5 காசாகி, அதன்பின் 10 காசானது. வேலூரில் வீட்டு வரி கட்டிய ஒவ்வொருவரும் அந்த நூலகத்து நாளிதழுக்குச் சந்தா கட்டியவரே. சொந்த வீடு இல்லாதவரும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுத்தார். உங்கள் தாத்தா தம் உரிமையைத்தான் பயன்படுத்தினார். இலவசமாக ஒன்றும் பெறவில்லை. இதை உங்கள் உறவினரிடம் தயங்காமல் சொல்லலாம்.

வாசிப்பறையின் நடைமுறை எளியது. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல உறுப்பினராகிக் காப்புத்தொகை கட்ட வேண்டும். நாளிதழ் படிக்க எதுவும் வேண்டாம், வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். காலையில் வந்த தாள்களில் உதவியாளர் நூலக முத்திரையைக் குத்தி நீள மேசைகளில் வைப்பதற்குள் நாற்காலிகள் நிறைந்துவிடும். எட்டு, பத்துப் பக்கத் தாளை ஒருவரே முழுதாகப் பிடித்துக்கொள்வது மரியாதை இல்லை என்பது எழுதப்படாத விதி. தாள் பிரிந்து மேசையைச் சுற்றும். தோட்டப்பாளையத்து ஆசிரியர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்த தோல் வியாபாரியிடம், "பாய், நடுத்தாள் முடிஞ்சிதா?" என்று மெல்லக் கேட்பதும், அவர் "இதோ, விளையாட்டுச் செய்தி மட்டும் பாக்கி, சார்" என்பதும் அந்த அறையில் நாள்தோறும் கேட்கும் பேச்சு. வேறு இடத்தில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாதவர்கள் அங்கே ஒரு தாளின் இரண்டு பாதியைப் பிடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வார விடுமுறை; வழக்கமாக வருவோருக்கு அந்த நாள் வெறுமையாகவே போகும்.

வேலைவாய்ப்பு விளம்பரம் வந்த நாள்களில் இளைஞர் கூட்டம் கூடும். முகவரியையும் கடைசித் தேதியையும் கையால் படியெடுத்துக்கொள்ள வேண்டும், ஒளிநகல் எடுக்கும் வசதி பரவாத காலம் அது. சிலர் பிளேடால் விளம்பரத்தை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் வருபவன் அந்த ஓட்டை வழியாக மறுபக்கத்தைப் பார்க்கும்போது அவனுக்கு எழும் ஆத்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் நூலகர் அதற்கு ஒரு வழி கண்டார்: முக்கியமான விளம்பரங்களைத் தாமே காலையில் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து விண்ணப்பித்து வேலைக்குப் போனவர்கள் பலர். இன்று அதே மேசைகளில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த அறையின் பயன் குறையவில்லை என்று மகிழ்கிறேன்.

ஆனால் வாசிப்பறையின் மிகப் பெரிய பயன் வேறொன்று. வீட்டில் ஒரு தாள் வாங்குபவர் அந்தத் தாளின் உலகத்துக்குள்ளேயே இருந்துவிடுவார். நூலகத்தில் ஒரே செய்தியை நான்கு தாள்களில் அடுத்தடுத்துப் படிக்கலாம். ஒரு வேலைநிறுத்தத்தை ஒரு தாள் 'மக்கள் அவதி' என்று தலைப்பிட, மற்றொன்று 'தொழிலாளர் உறுதி' என்று எழுதும். மூன்றாவது, பேருந்து ஓடாத ஊர்களின் பட்டியலை மட்டும் தரும். நான்காவதில் அந்தச் செய்தியே இருக்காது. எதைச் சொன்னார்கள் என்பதோடு எதை விட்டார்கள் என்பதையும் பார்க்கும் பழக்கம் அங்கேதான் எங்களுக்கு வந்தது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கையில் எல்லாத் தாள்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆனபோது, அந்த ஒற்றுமையே எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. ஒரு தாள் மட்டும் வாங்கியவரால் அதை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். உங்கள் தாத்தா பணமில்லாமல் நூலகத்துக்குப் போயிருக்கலாம், அல்லது இந்த ஒப்பீட்டுக்காகவே போயிருக்கலாம். காசுள்ள பலரும் இதற்காக அங்கே வந்தார்கள் என்பது நான் நேரில் அறிந்தது.

நூலகத்துக்கு வெளியேயும் வாசிப்பறைகள் இருந்தன. மன்றங்கள் நடத்திய படிப்பகங்களில் 'விடுதலை', 'முரசொலி' முதலிய இயக்க ஏடுகள் கிடைத்தன. ஓலைக் கொட்டகையில் ஒரு பெஞ்சும் ஒரு மேசையும் போதும், படிப்பகம் உருவாகிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களில் உருது படிப்போர் மிகுதி. சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து 1927 முதல் வெளிவந்த, காதிபுகள் எனப்படும் அழகெழுத்துக் கலைஞர்கள் கையால் எழுதி அச்சேற்றிய 'முசல்மான்' என்ற உருது நாளிதழை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு வேலூர்க் கடையில்தான். அதன் எழுத்தழகை மறக்க முடியாது. இன்னும் பின்னால் போனால், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழ் உண்டு. அவர் மறைவுக்குச் சில காலத்துக்குப் பின், 1926இல் அது ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர்களில் வட ஆற்காட்டார் மிகப் பலர். மண்ணுக்கடியில் உழைத்த மக்கள் தங்களுக்கென ஒரு பத்திரிகையை வளர்த்தார்கள் என்பது நம் மாவட்டத்தின் பெருமைகளில் ஒன்று. நம் பள்ளிகளில் அதைச் சொல்லித் தராதது எனக்குப் பெரிய மனக்குறை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பழைய தாள்கள் எளிதில் அழிவதற்குக் காரணம் காகிதமே. செய்தித்தாள் காகிதம் பெரும்பாலும் இயந்திரத்தில் அரைத்த மரக்கூழால் ஆனது. அதில் மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் நீங்காமல் இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாகி, மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறிந்துவிடுகிறது. வேலூர் வெயில் அதை இன்னும் விரைவாக்கும். இடப்பற்றாக்குறையால் மாவட்ட, கிளை நூலகங்களில் பழைய நாளிதழ்கள் எடைக்குப் போவதும் வழக்கம். ஆகவே சென்னைக்குத்தான் போக வேண்டியிருக்கும். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம், சட்டப்படி நூல்களும் இதழ்களும் சேரும் களஞ்சியம். முதலில் அங்கே கேளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் நுண்படமாகவும் (மைக்ரோபிலிம்) மின்வடிவிலும் உள்ளன. பத்திரிகை அலுவலகங்களுக்கும் எழுதிக் கேட்கலாம்.

போகும் முன் சிலவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய உள்ளூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இருக்காது. வேலூர்ப் பதிப்பு என்று தெளிவாகக் கேட்க வேண்டும். அட்டவணைகளில் 'வேலூர்' என்று மட்டும் தேடாதீர்கள். 1989 வரை மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு. அந்த ஆண்டு திருவண்ணாமலை பிரிந்தபோது இது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது. வேலூர் மாவட்டம் என்ற பெயர் அதற்கும் பின்னால் வந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி மாவட்டங்களாயின. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய இதழ்கள் பலவற்றில் 'லை', 'ணை', 'னை' ஆகியவை யானைத் துதிக்கை வளைவோடு அச்சாகியிருக்கும். முதலில் சற்றுத் தடுமாறினாலும் சில பக்கங்களில் பழகிவிடும்.

இன்னொன்று: தாத்தாவின் பெட்டியிலோ பஞ்சாங்கத்துக்குள்ளோ கத்தரித்து வைத்த துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நூலகத்துத் தாளை அவர் கத்தரித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் டீக்கடைப் பேப்பரிலிருந்தும் பொட்டலம் கட்டி வந்த தாளிலிருந்தும் எடுத்துவைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு உண்டு. கிடைத்தால் ஒட்டுநாடா ஒட்டாமல், மடிப்பை வலிந்து விரிக்காமல், இருபுறமும் நகலெடுத்து ஒரு படியை வேலூர் மாவட்ட மைய நூலகத்திலும் கொடுங்கள். துண்டில் பெரும்பாலும் தேதி இருக்காது. பின்பக்கத்தில் உள்ள சினிமா விளம்பரத்தையோ தங்க விலையையோ வைத்து எந்த ஆண்டின் எந்த மாதம் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம்.